நூல் பிடித்து அளந்த ஆகாயம்

பேருந்துப் பணிமனையில் முப்பது வருடமாக நேரம் குறித்துவந்த டைம்கீப்பருக்கு ஒரு கொள்கை உண்டு: அச்சடித்த நேரத்தை நம்பக் கூடாது. அதை அச்சுக்கு எழுதிக் கொடுப்பவரே அவர்தான் என்பதால், இந்த விஷயத்தில் அவரை மிஞ்சிய நிபுணர் கிடையாது.

ஆறு வருடம் கழித்து வெளிநாட்டிலிருந்து மகள் வருகிறாள். கூடவே, இதுவரை போனில் மட்டுமே பார்த்த ஐந்து வயதுப் பேத்தி. விமான நிலையத்தில் குழந்தை வெளியே வந்ததும் அவள் கண்ணில் முதலில் படுவது தன் முகமாகத்தான் இருக்க வேண்டும் என்று ஒரு மாதமாகச் சொல்லிச் சொல்லி மனைவியின் காதைப் புளிக்க வைத்திருந்தார்.

பதினான்கு மணி நேரப் பயணம், காலை பத்து மணிக்கு இறங்கும் என்று டிக்கெட்டில் போட்டிருந்தது. அவர் சும்மா இருப்பாரா? அலுவலகச் சுவரிலிருந்த உலகப் படத்தில் இரண்டு ஊரிலும் குண்டூசி குத்தி, தையல் நூலை விறைப்பாக இழுத்து, அளவுகோலில் வைத்துப் பெருக்கினார். பதினாறாயிரத்து இருநூறு கிலோமீட்டர். மணிக்குத் தொள்ளாயிரம் என்றால் பதினெட்டு மணி நேரம்.

“பாத்தியா, நாலு மணி நேரத்த முழுங்கிட்டான். ரெண்டு மணிக்கு முன்னாடி வரவே வராது.”

“ஏங்க, பிளேன் ஓட்டறவனுக்குத் தெரியாதா?” என்றாள் மனைவி.

“ஓட்டறவனுக்கு என்னடி தெரியும்? நான் முப்பது வருஷமா டிரைவருங்களோட மாரடிக்கிறேன்.”

“நீங்க நூலப் புடிச்சுக்கிட்டே வாங்க. நான் பத்து மணிக்குப் போறேன்.”

அன்று அவர் நிதானமாகக் காலைப் பணிக்குப் போனார். பணி நேரத்தில் போன் இழுப்பறையில் கிடக்க வேண்டும் என்பது அவரே போட்ட விதி. பன்னிரண்டு மணிக்கு எடுத்துப் பார்த்தால், மனைவி பதினோரு முறை கூப்பிட்டிருந்தாள். நின்று நின்று கால் கடுத்திருக்கும், திட்டத்தான் கூப்பிட்டிருக்கிறாள் என்று சிரித்தபடி சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பது கிலோமீட்டர் பேருந்தில் போய், ஒன்றரைக்கே விமான நிலையத்தில் கம்பித் தடுப்பின் முன்வரிசையைப் பிடித்தார். சீப்பை எடுத்துத் தலையை வாரினார். போதாதென்று தோன்ற, மறுபடியும் வாரினார்.

“அம்மாச்சி, அங்க பாரேன். அந்தத் தாத்தா இல்லாத முடிய சீவுறாரு!”

பின்னாலிருந்து வந்த அந்தக் குரல் போனில் கேட்ட குரல். திரும்பினார். நாற்காலி வரிசையில் மனைவி, பெட்டிமேல் சாய்ந்து தூங்கி வழிகிற மகள், காலாட்டியபடி பேத்தி. குழந்தை முதன்முதலில் பார்த்தது அவர் முகத்தையல்ல, வழுக்கையின் பின்பக்கத்தை.

“டைம்கீப்பர் ஐயா வாங்க,” என்றாள் மனைவி. “பிளேன் பத்து நிமிஷம் முன்னாடியே வந்துடுச்சு. போன எடுத்தாத்தானே? எப்படியும் ரெண்டு மணிக்கு வருவீங்கன்னு இங்கயே உக்காந்துட்டோம்.”

மகள் கண்ணைத் தேய்த்துக்கொண்டு எழுந்தாள். “அம்மா எல்லாத்தயும் சொன்னாங்கப்பா. உலகம் உருண்டைப்பா. பிளேன் வடக்கால வளைஞ்சு வந்தாத்தான் தூரம் கம்மி. தட்டைப் படத்துல நூல் வச்சா எப்படி?”

உலகம் உருண்டை என்று எழுதி மூன்றாம் வகுப்பில் முழு மதிப்பெண் வாங்கியவர்தான் அவர்.

பேத்தி கிட்டே வந்து அண்ணாந்து பார்த்தாள். “தாத்தா, நீங்க எவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றீங்க?”

“நாப்பது கிலோமீட்டர்டா கண்ணு.”

“நாங்க பன்னெண்டாயிரத்து நானூறு! பிளேன் டிவில போட்டாங்க. அப்பவும் நாங்கதான் ஃபர்ஸ்ட்.”

“ஆமா. நான் மூணரை மணி நேரம் லேட்டு.”

“ஏன் லேட்டு?”

தாமதமாக வந்த எத்தனையோ டிரைவர்கள் அவர் முன்னால் நின்று காரணம் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றையாவது அவர் நம்பியதில்லை. இப்போது அதைவிட மோசமான காரணம் அவர் கையில் இருந்தது.

“தாத்தாவுக்குக் கணக்கு வராதுடா,” என்று சொல்லிப் பெரிய பெட்டியைத் தூக்கினார்.