குறைந்த காற்றில் ஓடும் அக்கா

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு கண்ணாடி அறைக்கு வெளியே பிறந்தது. உள்ளே அக்கா ஓடிக்கொண்டிருந்தாள். வெளியே நான் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

‘மலை அவளை அழைத்தது’ என்று முதலில் தொடங்கி— சீ, அடித்துவிட்டேன். மலையாவது, அழைப்பதாவது! மலையோட்டக் குழுவில் ஓரிடம்தான் மிச்சம். மலை உச்சியில் போல ஆக்சிஜன் குறைக்கப்பட்ட அந்த அறையில் நிற்காமல் ஓடி முடித்தால் அது அக்காவுக்கு. இந்த வயதில் அடுத்த வாய்ப்பு என்பதெல்லாம் வெறும் பேச்சு.

2
ஒரு வாரமாகப் பீட்ரூட் சாறு குடித்தாள். காற்று குறைந்த இடத்தில் அது கைகொடுக்கும் என்றாராம் பயிற்சியாளர். (எல்லோருக்கும் கைகொடுக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்லவில்லை. அக்காவிடம் யார் இதைச் சொல்வது?)

உடைமாற்றும் அறையில் பல்லைக் காட்டினாள்.

“பாருடி, கறையே இல்ல. குடிச்சதும் மவுத்வாஷ் ஊத்தி நல்லாக் கொப்பளிச்சிடுவேன். இல்லன்னா ரத்தக்காட்டேரி மாதிரில்ல இருக்கு!”

இந்தக் கதைக்காகப் படித்திருந்தேன்: நாக்கில் இருக்கும் கிருமிகள் வேலை செய்தால்தான் அந்தச் சாறு உடம்புக்கு உதவும். மவுத்வாஷ் அவற்றைக் கொன்றுவிடும். இவள் ஒரு வாரம் குடித்தது வீண்.

“என்னடி முழிக்கிற?”

“ஒண்ணுமில்லக்கா. போய்க் கலக்கு.”

3
இந்தத் தங்கை பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் அக்கா ஓடும் முன்பே மனசு தளர்ந்துவிடுவாள் என்றா? போன முறை அவளை மலையிலிருந்து நினைவில்லாமல் தூக்கிவந்தார்கள். இந்த முறை தோற்றாலாவது வீட்டில் பத்திரமாக— (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.)

எனக்கு அக்கா உயிரோடு வேண்டும். அவ்வளவுதான்.

4
ஓடும் அக்காவின் விரலில் மாட்டிய கருவி எழுபத்தெட்டு காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு அது. எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கினால் அறையை இயக்கும் ஆபரேட்டர் ஓட்டத்தை நிறுத்திவிடுவார். கூட வந்தவர் சொன்னாலும் நிறுத்துவார். அங்கே அப்படி ஒரு விதி.

“இறங்கிட்டே போகுதேம்மா,” என்றார் ஆபரேட்டர். “இன்னும் கொஞ்ச நேரம்தான். தாங்குவாங்களா? நிறுத்திடவா?”

எழுபத்தாறு. அக்கா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. நிறுத்த வேண்டாம் என்று தலையாட்டினாள்.

5
‘நிறுத்துங்க’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த அக்கா அதன் பிறகு என்னோடு பேசவே இல்லை. ‘ஓடட்டும்’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த அக்கா ஜெயித்து, சிரித்துக்கொண்டே மலைக்குப் போனாள். அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.

நீங்கள் வாருங்கள், என் இடத்தில் நில்லுங்கள். ஆபரேட்டர் உங்களைத்தான் கேட்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், அவளுக்கு மூச்சு வாங்குகிறது.