இல்லாத மேடு

"இந்த இடத்துல ஒரு மேடு தெரியுதா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?" என்று அக்கா ஒருமுறை என்னிடம் கேட்டாள்.

துகள் இயற்பியலில் ஆராய்ச்சி செய்கிறவள், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட என்னைப் போய் ஏன் கேட்கிறாள் என்று விளங்கவில்லை. ஒன்றும் தெரியாத கண்தான் இதற்கு நல்லது என்றாள். திரையில் சரிவாக இறங்கும் ஒரு கோடு. அதை ஒட்டியே கறுப்புப் புள்ளிகள். ஓரிடத்தில் மட்டும் புள்ளிகள் கோட்டை விட்டு மேலே எழும்பியிருந்தன. தெரிகிறது என்றேன்.

புள்ளிகள், துகள்களை மோதவிடும் பெரிய எந்திரத்தில் நிஜமாக எண்ணியவை. கோடு, புதிதாக எதுவும் இல்லையென்றால் எவ்வளவு வரவேண்டும் என்று அக்கா போட்ட கணக்கு. அதற்காகக் கம்ப்யூட்டருக்குள் பகடை உருட்டுவது போலப் பொய் மோதல்களை உண்டாக்குவாள். புள்ளிகள் கோட்டை மீறினால், யாரும் பார்க்காத துகள் ஒன்று அங்கே இருக்கலாம். இருந்தால் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை இந்த வருடமே கொடுத்துவிடலாம் என்று அவளுடைய பேராசிரியர் சொல்லியிருந்தார். அதன்பிறகு தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டால், "என்னம்மா, உன் மேடு சௌக்கியமா?" என்றுதான் விசாரிப்பார்.

துறையில் எல்லார் முன்னாலும் அதைக் காட்டவேண்டிய நாளில் அக்கா என்னையும் கூட்டிப்போனாள். நான் கூட இருந்தால் தைரியமாம். காலையில் கடைசியாக ஒரு தரம் சரிபார்க்க உட்கார்ந்தவள், விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

பொய் மோதல்களைப் பத்து கம்ப்யூட்டர்களில் ஓடவிட்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் வேறு தொடக்க எண் கொடுத்தால்தான் பகடை வேறு மாதிரி விழும். பத்துக்கும் ஒரே எண் போயிருந்தது. ஒன்றில் தற்செயலாக விழுந்த பள்ளம் பத்திலும் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. பத்தும் ஒன்றுபோல் சொன்னதால் நம்பிவிட்டாள். உண்மையில் புள்ளிகள் எழும்பவே இல்லை; கோடுதான் அங்கே தாழ்ந்திருந்தது.

எண்களை மாற்றி மறுபடி ஓடவிட்டாள். மதியத்துக்குள் கோடு ஏறிவந்து புள்ளிகளைத் தொட்டது.

"அப்போ நான் பாத்தது என்னக்கா?"

"நீ சரியாத்தான்டி பாத்த. இல்லாத ஒண்ண ரெண்டு பேரும் சரியாப் பாத்துட்டோம்."

சிரித்தாளா என்று கூட எனக்குத் தெரியவில்லை. பேராசிரியரைத் தேடிப்போனாள், அறை பூட்டியிருந்தது. பழைய படத்தையே காட்டிவிடுவாளோ என்று பயந்தேன். காட்டாவிட்டால் இத்தனை வருட உழைப்பும் போய்விடுமே என்றும் பயந்தேன். எதை வேண்டிக்கொள்வது என்று குழம்பிப் பின்வரிசையில் உட்கார்ந்தேன்.

அக்கா முதலில் பழைய படத்தைக் காட்டினாள். முன்வரிசையில் இருந்த பேராசிரியர், பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து, பெருமையாக ஏதோ சொன்னார். அடுத்துப் புதிய படம் வந்தது.

"மேடு இல்லைங்க. அது என் தப்பு," என்று சொல்லி, தொடக்க எண்ணைப் பற்றியும் சொன்னாள்.

யாரோ ஒருவர் கைதட்டத் தொடங்கி, கூட யாரும் தட்டாததால் கையை மடியில் வைத்துக்கொண்டார். எதற்காகத் தட்டினார் என்பதும் எனக்குப் புரியவில்லை.

பேராசிரியர் எழுந்தார். கோபமா, வெட்கமா, வெறும் யோசனையா என்று அவர் முகத்தில் தேடினேன்; பிடிபடவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். அவள் அவர் பேசுவதற்காகக் காத்து நின்றாள். அவர் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்விட்டார்.