மூக்கக்கா விற்ற தண்ணீர்

1

இந்தக் கதை இரக்கத்தில் பிறந்தது என்று எழுதத்தான் ஆசை. உண்மையில் அது பிறந்தது கோபத்தில். ஒன்பது நாள் என்னை முட்டாளாக்கிய ஒரு சென்ட் பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு, மண்டை காயும் வெயிலில், பேருந்தில் நின்றபடியே கடைக்குப் போனேன். வழியெல்லாம் மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வசனங்கள்தான் இதன் முதல் வரைவு. அந்த வரைவில் நான் மிக நன்றாகப் பேசினேன்.

ஆனால் கதை என்னைப் பற்றியது அல்ல. அந்தக் கடையில் சென்ட் விற்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. அதனால் அவளிடமிருந்தே தொடங்கப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: "நறுமணங்களின் உலகில் அவள் ஓர் அரசி." (வேண்டாம். இது விளம்பரம்.)

இரண்டாம் தொடக்கம்: "காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில், காப்பி டம்ளரை மூக்கருகே கொண்டுபோனபோதுதான் அவளுக்கு—" (இங்கேயே நிறுத்திவிட்டேன். மூக்கு மரத்துப்போனவர்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லார் கையும் நேராகக் காப்பியில் போய்த்தான் விழுகிறது.)

மூன்றாவது இது. சுமார்தான், இருந்தாலும் உண்மை:

கடையில் எல்லோரும் அவளை மூக்கக்கா என்று கூப்பிட்டார்கள். அவளுக்கு மூக்கு வேலை செய்யாமல் போய் நான்கு மாதம் ஆகியிருந்தது.

2

பெரிய கடை. தரைத்தளத்தில் நுழைந்ததும் இடப்பக்கம் கைக்கடிகாரங்கள், வலப்பக்கம் அவள். கண்ணாடிக் கவுண்டர், பின்னால் விளக்குப் போட்ட ஐந்து தட்டு அலமாரி, எண்பத்திரண்டு வகை சென்ட். பதினோரு வருடமாக அவள் அங்கேதான் நிற்கிறாள். எந்தக் காகிதச் சீட்டை நீட்டினாலும், அதில் தெளித்தது எது, தெளித்து எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அதனால் வந்த பெயர். புதிதாக வேலைக்குச் சேர்பவர்களிடம் மேனேஜரே அந்தப் பெயரைச் சொல்லித்தான் அறிமுகப்படுத்துவார்.

பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஆறு நாளில் போனது. போகிறபோது கையோடு இதையும் கொண்டுபோய்விட்டது. வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். அதைச் சொல்வதற்கு டாக்டர் எதற்கு என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். போன வருடம் கடிகாரப் பிரிவில் இருந்தவருக்குக் கண் மங்கியபோது, அவரை மரியாதையாக இரண்டாம் மாடிக்கு, சூட்கேஸ் பிரிவுக்கு மாற்றினார்கள். சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் ஒரே மாதத்தில் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட யாரும் இல்லாமல் போனது. சூட்கேஸ் விற்க யார் நின்றால் என்ன? அவள் பயந்தது அதற்குத்தான்.

எண்பத்திரண்டின் மணமும் அவளுக்கு மனப்பாடம். எது எலுமிச்சையில் தொடங்கும், எது இரண்டு மணி நேரத்தில் புகையிலையாகும், எது வியர்வையோடு சேர்ந்தால் சொதப்பும், எல்லாம் நுனிநாக்கில் இருந்தன. இல்லாததை ஆட்களின் முகத்திலிருந்து எடுத்துக்கொண்டாள். சீட்டை முகர்கிறவர்களின் புருவம் எங்கே ஏறுகிறது, எப்போது மூச்சை இரண்டாம் தரம் இழுக்கிறார்கள் என்று பார்ப்பாள். அப்படிப் பார்க்க ஆரம்பித்த பிறகுதான் ஒன்று பிடிபட்டது. முக்கால்வாசிப் பேர் மூக்கால் வாங்குவதே இல்லை. கண் ஏதாவது ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொள்ளும். மூக்கு பின்னாலேயே வந்து தலையாட்டும். அந்த நான்கு மாதத்தில் அவள் விற்றது போன வருடத்தைவிட அதிகம்.*

(* இது அவளே பிறகு என்னிடம் சொன்னது. நான் ஜோடித்ததாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இந்தக் குறிப்பு.)

3

இந்த இடத்தில் அவளுக்கு ஒரு கணவனைக் கொடுத்தேன். பள்ளிச் சீருடை தைக்கும் தையல்காரர், வாயைத் திறக்காத மனிதர். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். அவள் சாப்பிட உட்காருமுன் சட்டியைத் திறந்து முகர்ந்து பார்த்து, "கெட்டுப்போகல, சாப்பிடு" என்பார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அவள் வீட்டை நான் பார்த்ததில்லை. அவளுக்குக் கணவர் உண்டா என்றும் தெரியாது. கதைக்கு யாராவது ஒருவர் தேவைப்பட்டார், உட்காரவைத்துவிட்டேன்.

4

இனி வாடிக்கையாளர். முதலில் அவரை வங்கி அதிகாரி ஆக்கினேன். வழுக்கை, கழுத்தில் கண்ணாடிக் கயிறு. என் மனைவி இரண்டு பக்கம் படித்துவிட்டு, "இது நீங்கதானே? வழுக்கை வச்சா தெரியாதா?" என்றாள். சரி. நான்தான்.

கல்யாண நாள் பரிசு. ஆணும் பெண்ணும் போட்டுக்கொள்ளக்கூடிய பொதுவான சென்ட் வேண்டும் என்று கேட்டேன். ஒரே பாட்டில், இரண்டு பேர், பரிசு கொடுத்த மாதிரியும் ஆயிற்று என்பது என் கணக்கு. மூக்கக்கா மூன்று கேள்வி கேட்டாள். வீட்டில் என்ன சோப்பு? வேலை ஏசி அறையிலா? வேலையில் ஆட்கள் எவ்வளவு நெருங்கி வருவார்கள்? என் மனைவி பல் மருத்துவமனையில் வரவேற்பில் இருக்கிறாள் என்றதும், தித்திப்பானது எதுவும் வேண்டாம், அங்கே இருக்கிற மருந்து நெடியோடு அது சண்டை போடும் என்று பாதி அலமாரியை ஒதுக்கிவிட்டாள்.

மீதியில் என் கண் ஒன்றின்மேல் விழுந்தது. சதுரத் தோள், கனத்த அடிக்கண்ணாடி, கரிய மரமூடி, மொட்டையாக ஒரு சின்னப் பெயர். பூ, தங்கப் பட்டை, ஜிகினா எதுவும் இல்லை. அவள் நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"அறுபது வருஷமா பாட்டில மாத்தல சார். உள்ள இருக்கறதையும் மாத்தல. முதல்ல ஆரஞ்சுத் தோல் வரும். அரை மணி கழிச்சு மிளகு. சாயங்காலம் பழைய மர பீரோவத் திறந்த மாதிரி இருக்கும். யார் போட்டாலும் அவங்களோடதா ஆயிடும்."

சீட்டில் தெளித்துக் கொடுத்தாள். முகர்ந்தேன், தலையாட்டினேன். ஆனால் பாட்டில் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தது.

அதோடு விட்டிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்காது. பெட்டியிலிருந்து எடுத்த புதுப் பாட்டிலைவிட அலமாரியில் இருப்பது நல்ல தேன் நிறமாக இருக்கிறதே என்றேன். அது டம்மி, அழகுக்கு வைத்தது, உள்ளே சாயத் தண்ணீர்தான், விளக்குச் சூட்டில் அசல் கெட்டுவிடும் என்பதால் கம்பெனியே அப்படி அனுப்புகிறது என்றாள். பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமா என்றேன். வைத்தாள். நான் இரண்டையும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இடம் மாற்றி, திரும்பவும் மாற்றி, நகை வாங்குகிறவன் மாதிரி பார்த்தேன். அந்த நேரம் யாரோ அவளிடம் எதற்கோ விலை கேட்டார்கள். திரும்பிப் பதில் சொல்லிவிட்டு வந்தபோது கண்ணாடிமேல் இரண்டு பாட்டில்கள். இரண்டும் ஒரே உயரம், ஒரே எடை, அலமாரி விளக்கை விட்டு வெளியே வந்ததும் ஒரே நிறம்.

டம்மி என்று காட்ட அதன் அடியில் ஒட்டியிருந்த சீட்டு, துடைத்துத் துடைத்து எப்போதோ உதிர்ந்துபோயிருந்தது. பதினோரு வருடத்தில் அந்தச் சீட்டு அவளுக்குத் தேவைப்பட்டதே இல்லை. பழக்க தோஷத்தில் இரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். இரண்டும் ஒன்றும் சொல்லவில்லை.

என்னிடம் கேட்டிருக்கலாம். 'சார், இதுல எது நான் பெட்டில இருந்து எடுத்தது?' என்று கேட்க ஒரு நொடி ஆகும். ஆனால் மூக்கக்கா அதைக் கேட்கக் கூடாது. இடப்பக்கம் இருந்ததைப் பெட்டியில் வைத்து மூடினாள். அசல் அலமாரிக்குப் போய் விளக்கின் கீழே உட்கார்ந்துகொண்டது.

5

(இந்தப் பகுதியை நீக்கிவிடலாம் என்று பார்த்தேன். மனைவி விடவில்லை.)

ஒன்பது நாள் அந்தத் தண்ணீரை நாங்கள் இருவரும் போட்டுக்கொண்டோம். நான் ஒவ்வொரு நாளும் ஆரஞ்சுத் தோலை முகர்ந்தேன். மிளகையும் முகர்ந்தேன். ஒருநாள் மாலை மனைவியின் கழுத்தருகே குனிந்து, "மர பீரோ வந்துடுச்சு" என்றேன். அலுவலகத்தில் என்ன சென்ட் என்று யாரும் கேட்கவில்லை என்பதை, கேட்கக் கூச்சப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலை மனைவி அந்தப் பாட்டிலை எடுத்து ஜன்னலோரம் இருந்த தொட்டிச் செடிக்கு அடித்துக்கொண்டிருந்தாள். என்ன விலை தெரியுமா அது என்று பதறினேன்.

"தண்ணிதானே," என்றாள். "முதல் நாளே தெரியும். நீங்க எவ்வளவு தூரம் போறீங்கன்னு பாத்தேன். பீரோ வரைக்கும் போயிட்டீங்க."

சிரித்தாள், பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அரை மணி நேரத்தில் நான் பேருந்தில் இருந்தேன்.

6

கவுண்டரில் மேனேஜரும் இருந்தார். பாட்டிலை வைத்தேன். இதை முகர்ந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். மேனேஜர் அவள் பக்கம் பெருமையாகக் கை காட்டினார். "எங்க மூக்கக்கா இருக்காங்க சார். அவங்க சொன்னா சொன்னதுதான்."

அவள் சீட்டில் தெளித்தாள். இரண்டு தரம் விசிறினாள். கண்ணை மூடி முகர்ந்தாள்.

"ஆரஞ்சுத் தோல் நல்லாவே வருது சார்," என்றாள். "மிளகு வர கொஞ்சம் நேரமாகும்."

வாடிக்கையாளருக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் வெகுளித்தனமாக அந்தச் சீட்டை வாங்கி மேனேஜரிடம் நீட்டினார். "இது வெறும் தண்ணிங்க. நீங்களே பாருங்க."

(இந்த இடத்தை ஏழு தரம் எழுதியிருக்கிறேன். ஏழிலும் வாடிக்கையாளர் வெகுளிதான்.)

மேனேஜர் முகர்ந்தார். பாட்டிலைத் திறந்து மறுபடி முகர்ந்தார். நல்ல மனிதர், கத்தவில்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்டு, சீல் உடைக்காத வேறொரு பெட்டியைக் கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி அவளிடம் கேட்டார்: "எத்தனை நாளாம்மா?"

"நாலு மாசம் சார்."

அடுத்த திங்கட்கிழமை அவளை இரண்டாம் மாடிக்கு மாற்றினார்கள்.

7

இங்கேயிருந்துதான் கதை முரண்டு பிடித்தது. மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ. ஒரு காலையில் அவளுக்கு மணம் திரும்புகிறது. சூட்கேஸ் தோலின் வாசனை முதலில் வருகிறது. (பத்திரிகைக்காரர்களுக்குப் பிடிக்கும்.)

ஆ. மேனேஜர் விற்பனைக் கணக்கைப் பார்த்துவிட்டு, மூக்கு இல்லாமலே இவ்வளவா என்று வியந்து அவளைத் திரும்பக் கூப்பிடுகிறார். (அந்தக் கடையில் நடக்காது. எந்தக் கடையில் நடக்கும்?)

இ. அவள் ஆரஞ்சுத் தோல் என்று சொன்ன நொடியில் வாடிக்கையாளருக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. சீட்டை மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மூடி கொஞ்சம் இறுகலாக இருக்கிறது, அதைக் காட்டத்தான் வந்தேன் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போகிறார்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, இதில் நீங்கள் ரொம்ப நல்லவராக இருக்கிறீர்கள் என்றாள். பாராட்டு இல்லை அது. அந்தம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை எங்கேயும் அனுப்பக் கூடாது என்றும் சொன்னாள்.

8

இரண்டாம் மாடி. அவள் ஒரு தம்பதிக்கு சூட்கேஸ் சக்கரத்தை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது. முகம் மாறவில்லை. அவர்கள் நகர்ந்ததும் விஷயத்தைச் சொன்னேன். கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னாள். நின்றுகொண்டே கேட்டாள்.

தையல்காரர் வந்ததும் சிரித்துவிட்டாள். "எனக்கு ஏது சார் வீட்டுக்காரரு? நான் தங்கச்சி வீட்ல இருக்கேன். அவ ஓயாம பேசுவா." எடுத்துவிடட்டுமா என்றேன். இருக்கட்டும், நல்ல மனுஷனாத்தான் தெரியறார் என்றாள். அதனால்தான் அவரை மூன்றாம் பகுதியில் விட்டுவைத்திருக்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள் என்றாள். ஒரே ஒரு நிபந்தனை.

"மூக்கு திரும்பி வந்துடுச்சுன்னு மட்டும் முடிச்சுடாதீங்க. வரல. நான் தெனம் காலைல பாத்துட்டுத்தான் இருக்கேன்."

முதல் முடிவு அங்கேயே போயிற்று. கிளம்பத் திரும்பினேன். அவள் சூட்கேஸின் கைப்பிடியை உள்ளே தள்ளியபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

"ஒண்ணு கேக்கணும் சார். அன்னைக்கு நான் ஆரஞ்சுத் தோல்னு சொன்னேன்ல? அப்பவே உங்களுக்குப் புரிஞ்சுதா? புரிஞ்சுதான் அவர்கிட்ட நீட்டினீங்களா?"

வாசகரே, ஆறாம் பகுதியில் அந்த வாடிக்கையாளருக்கு ஒன்றும் புரியவில்லை என்று எழுதியிருக்கிறேன். பொய். ஆரஞ்சுத் தோலுக்கும் மிளகுக்கும் நடுவிலேயே புரிந்துவிட்டது. இவளுக்கு எதுவும் தெரியவில்லை, ரொம்ப நாளாகவே தெரியவில்லை, இங்கே யாருக்கும் அது தெரியாது என்று அந்த நொடியில் எனக்கு விளங்கியது. சட்டைப் பை என் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் பேருந்தில் அவ்வளவு நன்றாகப் பேசிப் பார்த்திருந்தேன். அதை வீணாக்க மனம் வரவில்லை. நீட்டினேன்.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபம். நீங்கள் எதிரில் நிற்கவில்லை.

அவள் நின்றாள். நான் பதில் சொன்னேன். ஒரே ஒரு சொல்:

"                    "

அவள், "சரி சார்" என்றாள். பிறகு, படியேறி வந்த அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும் அவள் அதைத்தான் சொல்லியிருப்பாள், இல்லை என்று சொல்லியிருந்தாலும் அதைத்தான். மேற்கோள் குறிகளுக்கு நடுவில் போதுமான இடம் விட்டிருக்கிறேன். இரண்டில் ஒன்றை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மற்றதையெல்லாம் நான் எழுதிவிட்டேன், இது மட்டும் என் கையால் வரவில்லை.