இரக்கத்துக்கும் அனுமதி

இப்போதெல்லாம் இரக்கப்படுவதற்குக்கூடப் பாஸ்டரைக் கேட்கிறார்கள். எங்கள் தீவில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்த வருடம் என் மகள் இந்திராவதிக்கு ஆக்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்தது. புதிதாகச் சபையில் சேர்ந்திருந்த மாப்பிள்ளை ஜிதேந்திரா அவளைப் போகவிடவில்லை. எங்கள் பக்கம் யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துத்தான் சமாதானம் பேசுவோம். கரைத்து, கிண்ணத்தை நீட்டினேன்.

"சபையில இது கூடாது மாமா. புருஷன்தான் தலை. அவ அழுவுறான்னு மனசு இளகினா அது சாத்தான் வைக்கிற கண்ணியாம், பாஸ்டர் சொன்னாரு."

"நீ முதுகு ஒடிஞ்சு கெடந்தப்ப அவதான் சம்பாதிச்சுச் சோறு போட்டா. அப்ப தலை எங்க இருந்துச்சு மாப்ளே?"

இந்திராவதி கதவோரம் நின்றாள்.

"பெட்டியக் கட்டும்மா. ரோட்டுல நிக்கிறேன்."

"பாவம் மாமா அது."

"இருக்கட்டும்."

கிண்ணத்தைப் புல்லில் கவிழ்த்துவிட்டு நடந்தேன். மகள் கண்ணீருக்கு மனசு இளகுவது என்ன பாவமோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.