சலவைக்கடை மாடியில் ஒரு பயிற்சி

அன்று அந்த மாடி அறையில் இருந்தவர்கள் பயிற்சி கொடுக்க வந்த நர்சம்மா, ஒரு தையற்காரம்மா, எல்லோரும் ‘ஹாரன்’ என்று கூப்பிடும் பஸ் டிரைவர், என் தங்கை, நான். வேறு யாரும் இல்லை.

பெருந்துயரத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குத் துணையாக உட்கார அக்கம்பக்கத்தினரைப் பழக்கும் வகுப்பு அது. தங்கைக்குத் தொண்டராகச் சேர ஆசை. சில வருடங்களுக்கு முன் அவள் வேலை செய்த இடத்தில் தீப்பிடித்தபோது கதவு வெளியே பூட்டியிருந்தது. அதற்குமேல் வெளியாரிடம் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. அவள் எதையும் சொல்லிவிடக் கூடாதே என்றுதான் நானும் கூடப் போனேன்.

கீழே சலவைக்கடை. அங்கிருந்து ஆவி தரைப்பலகை இடுக்குகளில் நுழைந்து மேலே வந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே காயப்போட்டிருந்த வெள்ளை விரிப்புகள் மெல்ல எழுந்து மெல்லத் தாழ்ந்தன. அவற்றின் ஊடே வெயில் வடிந்து, அறையே தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது. நர்சம்மாவின் குரல்கூட மிதந்துதான் வந்தது.

“என்ன நடந்துச்சுன்னு தோண்டாதீங்க. கேக்காம தொடாதீங்க. எது வேணும்னு அவங்களே சொல்லட்டும்.”

“என்கிட்ட வீட்ல யாரும் இப்படிக் கேக்கறதில்லையே,” என்றார் ஹாரன்.

“நீங்க வாயைத் திறந்தா தெருவே ஒதுங்குது. அவங்க எங்கேர்ந்து கேக்கறது?” என்றாள் தையற்காரம்மா.

தங்கை சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து வெகுநாளாகிறது.

இருவர் இருவராகப் பேசிப் பழகும் நேரம் வந்தது. தங்கைக்கு எதிரே ஹாரன் உட்கார்ந்தார். கீழே இயந்திரம் இரைய, தையற்காரம்மா எழுந்து கதவைச் சாத்தினாள். ஆவி போக வழியில்லாமல் திரண்டது. தங்கையின் முகம் வெளுத்தது. விரல்கள் நாற்காலியை இறுக்கின. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

நான் போய்க் கதவருகே நின்றேன். “காலையில சாப்பிடலை, அதான் மயக்கம். வேற ஒண்ணுமில்லை. எழுந்திரும்மா, வீட்டுக்குப் போலாம்.”

ஹாரன் என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மனிதருக்குப் பஞ்சுபோல் ஒரு குரல் இருந்தது.

“கதவைத் திறக்கட்டுமாம்மா? இல்ல, வெளிய போய் உக்காரலாமா? நீங்க சொல்றபடி.”

பதிலுக்குக் காத்திருந்தார். விரிப்புகள் எழுந்தன, தாழ்ந்தன.

“திறங்க,” என்றாள்.

“ஐயா, வழியை அடைச்சுக்கிட்டு நிக்கறீங்க. கொஞ்சம் நகருங்க,” என்று ஹாரன் என்னிடம் சொன்னார்.

என்னை நகரச் சொன்னவர்கள் எங்கள் வீட்டில் யாரும் இல்லை. நகர்ந்தேன். கதவு திறந்ததும் ஆவி என் முகத்தைத் தடவிக்கொண்டு வெளியேறியது.

“நிறுத்திக்கலாமா?” என்று நர்சம்மா கேட்டார்.

“வேணாம். கொஞ்ச நேரம் இப்படியே இருந்துட்டு ஆரம்பிக்கலாம்.” பிறகு தங்கை என்னைப் பார்த்தாள். “நீங்க கிளம்புங்க அண்ணா. நான் முடிச்சுட்டு வரேன்.”

“எல்லாரும் பாத்துட்டாங்களேம்மா.”

“பாத்தா பாக்கட்டும் அண்ணா.”

நான் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்ததாக வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். நான் தனியாகத்தான் வந்தேன். அவள் பயிற்சி முடிந்து சாயங்காலம் வந்தாள்.