பாதைக்கு முதுகு காட்டிய வீடு

1929 ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை, சுபஹுத் தொழுகைக்கும் சூரிய உதயத்துக்கும் இடையில், அக்குறணையில் மாத்தளைப் பாதையோரம் இருந்த றவூப் முதலாளியின் வீடு திரும்பி நின்றது. வீடு மட்டுமல்ல, வளவும் சேர்ந்தே திரும்பியிருந்தது. கிணறு, சாம்பல் குவியல், கொடியில் காய்ந்த துணிகள் எல்லாம் பாதைப் பக்கம் வந்துவிட்டன. புதிதாகக் கட்டிய விறாந்தையும் வெள்ளைத் தூண்களும் குரோட்டன் செடிகளும் பின்னால் ஓடும் ஆற்றைப் பார்த்தபடி நின்றன. ஓர் ஓடுகூட உடையவில்லை. அடுப்பிலிருந்த தேத்தண்ணி தளும்பவுமில்லை. அந்த வாரம் மிளகு விலை ஏறியிருந்ததால் ஊரில் பாதிப் பேர் மிளகைப் பற்றித்தான் பேசினார்கள்.

முதலாளியின் மனைவி பஸீஹாவுக்கு மட்டும் சிரிப்பு வந்தது. மூத்த மகள் கைரியாவுக்கு நாவலப்பிட்டியில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். முதலாளியின் குடும்பத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடும் மகளுக்கே போகும். அதற்காகத்தான் அந்தப் பழைய வீட்டைத் திருத்தினார்கள். திருத்தியது ஆண்கள் உட்காரும் முன்பக்கத்தை மட்டும். பெண்கள் பொழுதெல்லாம் கழிக்கும் பின்பக்கம் கரியும் சேறுமாகவே கிடந்தது. அந்தக் கிணற்றடியில் பஸீஹா வழுக்கி விழாத மழைக்காலம் இல்லை. தனக்குத்தான் வாய்க்கவில்லை, மகளாவது சேற்றில் கால் வைக்காமல் வாழட்டும் என்று ஏங்கினாள். கிணற்றைச் சுற்றிக் கல் பதித்து, சமைக்கும் குசினிக்கு வெளியே சின்னதாக ஒரு விறாந்தை இறக்கித் தரும்படி கேட்டாள்.

“பின்பக்கத்த யாரு பாக்கப் போற?” என்றார் முதலாளி.

“நான் பாக்கிற தானே,” என்றாள் பஸீஹா.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமைதான் வீடு திரும்பியது.

முதலாளி முதலில் வீட்டைத் திருத்திய மேசன் பாஸைப் பிடித்து ஏசினார். தூண்தான் வைத்ததாகவும் அடியில் உருளுவதற்குச் சில்லு எதுவும் வைக்கவில்லை என்றும் பாஸ் சொன்னார். கண்டியிலிருந்து ஒரு யானையைக் கொண்டுவந்து தள்ளச் சொன்னார்கள். அது கிணற்றடியில் வயிறு நிறையத் தண்ணீர் குடித்துவிட்டுப் போனது. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிக் குசினியைப் பார்த்தார்கள். பெண்கள் பாய்களைக் கட்டி மறைத்துக்கொண்டார்கள். பெண் பார்க்க வருவதைத் தள்ளிப்போடும்படி முதலாளி நாவலப்பிட்டிக்குச் சொல்லியனுப்ப, பெருநாள் கழிந்ததும் வருவோம், அதற்கு மேல் தவணை கிடையாது, சம்பந்தமும் கிடையாது என்று மாப்பிள்ளையின் உம்மா பதில் அனுப்பினார். முதலாளிக்குச் சோறு இறங்கவில்லை. ஊர் பார்க்கும் பக்கமாயிற்றே என்று பாஸை மறுபடி கூப்பிட்டார். பாய்க்குப் பின்னால் நின்று பஸீஹா சொன்னபடியெல்லாம் வேலை நடந்தது. கரிச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கல் பதித்தார்கள், விறாந்தை இறக்கினார்கள், மல்லிகைக்குப் பந்தல் போட்டார்கள்.

நாவலப்பிட்டியார் வரும் நாள் காலையில் வீடு பழையபடி திரும்பிக்கொண்டது. முதலாளி தூணைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“இவ்வளவும் செஞ்சி எல்லாம் பின்னுக்குப் போயிட்டே,” என்றார்.

“எனக்கி அதுதான் முன்பக்கம்,” என்றாள் பஸீஹா.

அன்று மாப்பிள்ளையின் உம்மாவும் கூட வந்த பெண்களும் நேரே கிணற்றடிக்குப் போனவர்கள்தான், எழுந்து வரவேயில்லை. உலர்ந்த கல்லில் கால் நீட்டி உட்கார்ந்தபடியே கலியாணத்துக்கு நாள் குறித்தார்கள். முன் விறாந்தையில் இருந்த ஆண்களுக்குத் தேத்தண்ணி பிந்தித்தான் வந்தது. விருந்தாளிகள் போனதும் முதலாளி தயங்கித் தயங்கிப் பின்பக்கம் போய், குசினி விறாந்தையில் உட்கார்ந்து பார்த்தார். ஆற்றுக் காற்று அடித்தது. இத்தனை வருடமும் இவளை இந்தச் சேற்றில் விட்டோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. பஸீஹா தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாள்.

1936இல் கிணற்றடிக் கல் ஒன்றில் வெடிப்பு விழுந்தது. மறுநாள் காலை வீடு கொஞ்சமாக அசைந்தது. முதலாளி பாதித் தேத்தண்ணியோடு எழுந்து பாஸைக் கூட்டிவரப் போனார். பஸீஹா தன் கோப்பையைக் கவனமாகப் பிடித்துக்கொண்டு, மீதியை ஆற அமரக் குடித்தாள்.