மச்சானின் மூச்சு

தூக்கத்தில் உங்களுக்கு மூச்சு நின்று நின்று வருகிறது என்று பரிசோதனைக்கூடத்தில் சொன்னபோது, பஸ் ஓட்டுநர் அதைத் தன் மேல் விழுந்த அபாண்டமாகத்தான் எடுத்துக்கொண்டார். தலை சாய்த்த நொடியில் தூங்குகிற மனுஷனைப் பார்த்துத் தூக்கம் சரியில்லை என்றால் எப்படி? வீடு அதிரக் குறட்டை விடுவது உழைப்பாளியின் உரிமை என்பது அவருடைய கட்சி. ஆனால் சிக்னலில் ஸ்டியரிங் மேல் சாய்ந்து அவர் கண் அசந்ததும், பஸ் மெல்ல நகர்ந்து முன்னால் நின்ற பால் வண்டியை முட்டியதும் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்த சங்கதி. நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை. பால்தான் ரோடெல்லாம் ஓடியது.

டிப்போவில் சாவியை வாங்கி வைத்துக்கொண்டார்கள். பயணிகள் மறந்துவிட்டுப் போகும் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிற அறையில் அவரை உட்கார வைத்தார்கள். ஊரையே உயரத்திலிருந்து பார்த்துப் பழகியவர், இப்போது ஒரு குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, "நீலக் குடையா? கைப்பிடி வளைஞ்சிருக்குமா, நேரா இருக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மாதம் மெஷின் போட்டுத் தூங்க வேண்டும், மெஷினில் பதிவாகும் கணக்கை டிப்போ டாக்டர் பார்த்துச் சரி என்று கையெழுத்துப் போட்டால்தான் சாவி கைக்கு வரும் என்று சொல்லிவிட்டார்கள்.

மெஷினைக் கொண்டுவந்து கொடுத்தவர் பொறுமைசாலி. ஒரு சின்னப் பெட்டி, ஒரு குழாய், மூக்கை மூடுகிற மாஸ்க், தலையைச் சுற்றிக் கட்டுகிற வார் என்று ஒவ்வொன்றாக மேஜை மேல் எடுத்து வைத்தார்.

"முதல்ல பகல்ல, டிவி பார்க்கும்போது சும்மா மாட்டிப் பழகுங்க. அப்புறம் படுக்கும்போது பயம் இருக்காது. காத்து மெதுவாத்தான் ஆரம்பிக்கும், போகப் போகக் கூடும். இந்தத் தொட்டியில தினமும் காய்ச்சி வடிச்ச தண்ணி ஊத்துங்க, இல்லேன்னா மூக்கு காஞ்சு போகும். வாயைத் திறந்தா காத்தெல்லாம் அந்த வழியா ஓடிடும். ஆரம்பத்துல கஷ்டமாத்தான் இருக்கும். அதுக்காக விட்டுடாதீங்க."

"இத்தனை வருஷமா நான் மூச்சு விட்டுட்டுதான் இருக்கேன்," என்றார் ஓட்டுநர். "எனக்கு இதுல ட்ரெய்னிங் வேண்டாம்."

பேட்டரிக்குத் தண்ணீர், டயருக்குக் காற்று என்று வண்டிக்குச் செய்கிறதையெல்லாம் தனக்குச் செய்யப் பார்க்கிறார்கள் என்று அவருக்கு எரிச்சல். டிவி முன்னால் மாட்டிப் பழகுவதெல்லாம் கௌரவக் குறைச்சல். நேராக ராத்திரியே மாட்டிக்கொண்டு படுத்தார். வேண்டாம் வேண்டாம் என்கிற விருந்தாளிக்கு வாயில் திணிக்கிற மாதிரி காற்று உள்ளே வந்தது. பாதி மூக்கில் போனது, மீதி வயிற்றில் போனது. மறுநாள் குடை வாங்க வந்தவர்களுக்கெல்லாம் ஏப்பம்தான் பதில். அடுத்த ராத்திரி தூக்கத்திலேயே மாஸ்க்கைப் பிய்த்து எறிந்திருந்தார். அதற்கும் அடுத்த ராத்திரி மெஷினை ஓடவிட்டு, மாஸ்க்கைத் தலையணைக்குக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் மெஷின்காரர் போன் செய்தார். "சார், மெஷின் எழுதுற கணக்கு எனக்கும் தானா வந்துடும். அது மூச்சை வச்சுத்தான் எழுதும். தலையணை மூச்சு விடாதே."

போனை வைத்துவிட்டுத் திரும்பியபோது சோபாவில் மச்சான் படுத்திருந்தான். மனைவியின் தம்பி. விடிந்து வெகு நேரமாகியும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினான். சேர்ந்த வேலையிலெல்லாம் தூங்கித் தூங்கியே வேலையைத் தொலைத்தவன். வீட்டில் அவனுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர், அந்தப் பெயரை வைத்தவரும் ஓட்டுநர்தான். இரண்டு பேரும் ஒரே ராகத்தில்தான் குறட்டை விட்டார்கள். ஓட்டுநர் விட்டால் அது உழைத்த களைப்பு, மச்சான் விட்டால் அது சோம்பேறித்தனம் என்பது வீட்டுச் சட்டம்.

"டேய் மச்சான்," என்று அவனை உலுக்கினார். "சும்மா தூங்குறதைக் கொஞ்சம் பிரயோஜனமா தூங்கு."

மச்சான் எதற்கும் மறுப்புச் சொல்கிறவன் இல்லை, மறுக்க முழித்திருக்க வேண்டுமே. சொன்ன இடத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு படுத்தான். மனைவியிடம் ஓட்டுநர், "மெஷின் சத்தம் உனக்கு ஆகாது. நான் ஹால்லயே படுத்துக்கறேன்," என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பாயும் தலையணையும் எடுத்துக் கொடுத்தாள். அன்று முதல் மச்சான் சோபாவில் மெஷினோடு, ஓட்டுநர் தரையில் குறட்டையோடு.

முதலில் கெட்டுப்போனது மச்சானின் பெயர்தான், அதாவது தூங்குமூஞ்சி என்ற பெயர். ஒரு நாள் காலையில் ஓட்டுநர் கண் விழித்தபோது வீடு பெருக்கியிருந்தது. இன்னொரு நாள், மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்த குழாயை மச்சான் சரி செய்திருந்தான். பிறகு மழித்த முகத்தோடு வெளியே போனவன், விடியற்காலையில் திறக்கிற ஒரு கிடங்கில் வேலை வாங்கிக்கொண்டு வந்தான். கன்னம் இரண்டிலும் மாஸ்க் வார் அழுத்திய கோடு, அதற்கு மேலே பளிச்சென்று இரண்டு கண்கள்.

"அத்தான், காலையில தலையே கனமா இல்ல. எல்லாருக்கும் இப்படித்தான் இருக்குமா? என்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே," என்று கேட்டான்.

ஓட்டுநருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருக்குத் தலை கனத்தது, கண் எரிந்தது, இடது விலா வேறு புதிதாக வலித்தது. "தரை உறுத்துது," என்று மனைவியிடம் விலாவைத் தேய்த்துக் காட்டினார்.

"தரைன்னா அப்படித்தான்," என்றாள் அவள். அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அடுப்புப் புகை என்று அவர் நினைத்துக்கொண்டார். வீட்டில் இருந்தது கேஸ் அடுப்பு.

டாக்டரைப் பார்க்கிற நாள் வந்தது. மெஷின் கணக்கு ஏற்கெனவே டாக்டருக்குப் போய்விட்டது. கையெழுத்துத்தான் பாக்கி. ஓட்டுநர் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார்.

"தம்பி, நீயும் கூடப் போயிட்டு வா," என்றாள் மனைவி.

"அவன் எதுக்கு?"

"துணைக்குத்தான். டேய், முகம் கழுவிட்டு நிக்காதே. எழுந்த மாதிரியே கிளம்பு."

காத்திருக்கும் இடத்தில் நல்ல குளிர். மேலே மின்விசிறி ஓடியது, நாற்காலியில் மெத்தை இருந்தது. இவ்வளவு வசதி செய்து கொடுத்துவிட்டு ஒரு மனுஷனை முழித்திருக்கச் சொல்வது நியாயமில்லை. டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தபோது ஓட்டுநரின் தலை சுவரில் சாய்ந்திருந்தது.

டிப்போ டாக்டர் அவரை அதற்கு முன் பார்த்ததில்லை. பேப்பரைத்தான் பார்த்திருந்தார். கையில் அந்தப் பேப்பரோடு நேராக மச்சானிடம் வந்தார்.

"நீங்கதானே? கன்னத்துல இருக்கிற கோட்டைப் பார்த்தாலே தெரியுது. ரொம்ப நல்லா வந்திருக்கு. இந்த மாதிரி ஒழுங்கா போட்டவங்களை நான் பார்த்ததே இல்ல." பேனாவைத் திறந்தவர், பக்கத்து நாற்காலியைப் பார்த்து அப்படியே நின்றார். அங்கே குறட்டை பாதியில் நின்றிருந்தது. மார்பு எழும்புகிறது, காற்று வரவில்லை. டாக்டர் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து ஏறி வருகிற மாதிரி ஒரு திணறலோடு மூச்சு வந்தது. அந்தச் சத்தத்தில் ஓட்டுநருக்கே விழிப்பு வந்துவிட்டது. ஆனால் டாக்டர் குரல் கேட்டதும் பயத்தில் கண்ணைத் திறக்கவில்லை.

"இவர் யாரு, உங்க சொந்தக்காரரா? உங்களைவிட இவருக்குத்தான் முதல்ல மெஷின் வேணும். என்ன வேலை பார்க்கிறார்?"

மச்சானுக்குத் தர்மசங்கடம். அத்தானைக் காட்டிக் கொடுக்கவும் மனசில்லை, பொய் சொல்லவும் வரவில்லை.

"நல்லவேளை, பஸ் ஓட்டுறது நீங்க," என்றார் டாக்டர் சிரித்துக்கொண்டே. "இவர் ஓட்டினா அந்த ரூட்டுல நான் நடந்தே போயிடுவேன். ராத்திரியில இப்படி நின்னுபோனா எழுப்பிவிட வீட்டுல யாராவது இருக்காங்களா?"

இதற்கு மச்சானிடம் பதில் இருந்தது. "அக்கா இருக்கா. நான் தண்ணி குடிக்க எப்ப எழுந்தாலும் இவர் பாய்க்குப் பக்கத்துல உட்கார்ந்திருப்பா. மூச்சு நின்னா விலாவுல குத்துவா. மூச்சு வந்ததும் சுவத்துல சாஞ்சுக்குவா. அவ தூங்கி நான் பார்த்ததே இல்ல, டாக்டர்."

ஓட்டுநரின் கை தானாக இடது விலாவுக்குப் போனது. பேனா பேப்பர் மேல் இறங்குவதற்கு ஒரு விரற்கடை இருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் போதும், நாளைக்கே சாவி வந்துவிடும். அந்த உயரமான சீட், பெரிய கண்ணாடி, முன்னால் விலகுகிற ரோடு எல்லாம் அவருக்கு ஒரு தடவை தெரிந்தது. சிவந்த கண்ணோடு பாய் எடுத்துக் கொடுத்தவளும் தெரிந்தாள். அவர் கண்ணைத் திறந்தார்.

"டாக்டர், அந்தப் பேப்பர் என்னுது," என்றார். "அதுல இருக்கிற மூச்சு இவனுது."

டாக்டர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பேனாவை மூடினார். மச்சானைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், ஓட்டுநருக்கு இன்னொரு மாதம் மெஷின் என்றார். அதாவது, இன்னொரு மாதம் குடை.

வீட்டுக்கு வந்ததும் ஓட்டுநர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அடுப்பங்கரை வாசலில் நின்றார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? உங்க குறட்டை எது, அவன் குறட்டை எதுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

"இதுவரைக்கும் நான் சொல்லி எதைக் கேட்டீங்க?" அவள் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள். "கல்யாணம் ஆன நாளா நான்தான் உங்களுக்கு மெஷின். எனக்கும் வயசாகுதுங்க. கை வலிக்குது."

அவர் அவள் கையை வாங்கித் தேய்த்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மாஸ்க்கோடு டிவி முன்னால் உட்கார்ந்தார். வாரை இழுத்துக் கட்டாமல் பதமாக விடவும், வாயை மூடி மூக்கால் இழுக்கவும் மச்சான்தான் காட்டிக் கொடுத்தான். மிக மரியாதையாகக் காட்டிக் கொடுத்தான், அதுதான் தாங்கவில்லை. பிறகு உள்ளே போய் மாஸ்க்கோடே கட்டிலில் படுத்தார். காற்று இன்னும் விருந்தாளிக்குத் திணிக்கிற மாதிரிதான் வந்தது. அவர் பிய்த்து எறியவில்லை.

பக்கத்தில் வந்து படுத்த மனைவி, கையை அவர் விலா மேல் தயாராக வைத்துக்கொண்டாள். மெஷின் சீராக மூச்சு விட்டது. கொஞ்ச நேரத்தில் அந்தக் கை நழுவிக் கட்டிலில் விழுந்தது. அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். நல்ல கனமான குறட்டை. அது நின்று நின்று வருகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுக்கொண்டே அவர் வெகுநேரம் தூங்காமல் கிடந்தார். நிற்கவில்லை.